முதுகைக் காட்டி நின்றவர்

அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் காலையில் பல் விளக்கப் போகும்போதும் நின்றிருப்பார், பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் நின்றிருப்பார். உட்காருவதும் இல்லை, திரும்பிப் பார்ப்பதும் இல்லை. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். எங்கள் வீட்டில் முகம் இல்லாத ஆள் ஒருவர் இருக்கிறார் என்று வகுப்பில் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பின்கட்டைத் தாண்டிக் கால் கழுவப் போகும்போதுதான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஓடுவேன்.

அவர் நின்றிருந்தது ஒரு எண்ணெய் வர்ணப் படத்தில் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டதால் பயம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். படம் என்று எங்களுக்கும் அப்போதே தெரியும்.

வீடு இராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எங்கள் அடுக்களையில் தட்டு அதிரும். கொடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டால் சாம்பல் நிறத்தில் எடுக்கலாம், அத்தனை நிலக்கரித் தூள். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. எனக்கு மாமாக்கள் இரண்டு பேர். அத்தையின் வீட்டுக்காரர் கப்பலில் கரி அள்ளிப் போடுகிறவர், ஆகையால் அவர் கப்பல் மாமா. அம்மாவின் தம்பி துறைமுகத்தில் கப்பல்களுக்கும் பீப்பாய்களுக்கும் வர்ணம் அடித்துப் பெயர் எழுதுகிறவர், ஆகையால் அவர் பெயிண்டு மாமா. அவர் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஆனாலும் மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

கப்பல் மாமாவை எனக்கு ஞாபகம் இல்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது கப்பலேறிப் போனவர் திரும்பவில்லை. கப்பலும் திரும்பவில்லை. யுத்தம் முடிந்து, போன கப்பல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபிறகும் அவரைப் பற்றி ஒரு தகவல் இல்லை. அத்தை பொட்டு வைத்துக்கொண்டாள், தாலி போட்டிருந்தாள், தினமும் சாயங்காலம் பூ வைத்துக்கொண்டாள். குழாயடியில் அவள் குடத்தோடு வந்து நின்றால் மற்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவள் தலையிலிருக்கும் பூவைப் பார்ப்பார்கள். அத்தை அதைக் கண்டுகொள்ளாத மாதிரி குடத்தைக் கழுவிக்கொண்டிருப்பாள். அந்தக் குடம் அத்தனை தரம் கழுவப்படவேண்டிய அவசியம் இல்லை.

திருவொற்றியூரிலிருந்து பெரியப்பா மாசத்துக்கு ஒரு தரம் வருவார். உடம்பு கிடைக்காமல் போனவருக்கு வைக்கோலில் ஆள் மாதிரி கட்டி, அவருடைய சட்டையைப் போட்டுவிட்டு, எரித்துக் காரியம் செய்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதைச் செய்துவிடலாம் என்பார். அந்த வருஷம் அவர் யோசனை கேட்பதை விட்டுவிட்டார். தை பிறந்ததும் செய்துவிடுவதாகவும், அத்தை வந்தாலும் வராவிட்டாலும் கடற்கரையில் நடக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை ஒத்துக்கொள்ளாததற்கு ஒரு காரணம் உண்டு. வெளியே கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவறிக் கூப்பிட்டுவிட்டால், போகிறவர் திரும்பி வந்து, கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். கப்பல் மாமா கடைசியாகக் கிளம்பின காலையில் அத்தை பொறுக்கமாட்டாமல் பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டாள். அவருக்கு நேரமாகிவிட்டிருந்தது. கழுத்தில் முறுக்கிப் போட்ட துண்டோடு, திரும்பாமலே கையை மட்டும் தூக்கி ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவருடைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனவர் பெயிண்டு மாமாதான். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகாதவரின் பயணம் இன்னும் முடியவில்லை என்பது அத்தையின் கட்சி. முடியாத பயணத்துக்கு எப்படிக் காரியம் செய்வது?

அந்தச் சமயத்தில்தான் வண்ணாரப்பேட்டைச் சாயபு ஒருவர் கோணிச்சாக்கில் சுற்றி ஒரு படத்தைக் கொண்டுவந்தார். கப்பல்களில் கழித்துப்போடும் நாற்காலி, விளக்கு, கண்ணாடி எல்லாம் ஏலத்தில் எடுத்து விற்கிறவர் அவர். ஏதோ ஒரு அதிகாரியின் அறையில் மாட்டியிருந்த படமாம். கடல் தண்ணீர் புகுந்து பாதி போய்விட்டது. அதைப் புதிதாக எழுதித் தந்தால் எடுத்துக்கொள்வதாகச் சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த துரை ஒருவர் சொல்லியிருந்தார்.

சாக்கைப் பிரித்ததும் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். படம் நிறையக் கறுத்த தண்ணீர், அலையே இல்லை. தண்ணீர் அப்படி அசையாமல் கிடந்து எங்கள் பேட்டையில் யாரும் பார்த்ததில்லை. எட்டத்தில் சவுக்கு மாதிரி ஒல்லியாக, நெருக்கமாக மரங்கள். மரங்களுக்கு நடுவில் கதவளவுக்கு ஒரு இருட்டு. வானத்தில் வெளிச்சம் இருந்தது, ஆனால் சூரியனும் இல்லை, நிலாவும் இல்லை. கிட்டத்தில் தண்ணீருக்கு நடுவே ஒரு தட்டைப் பாறை. அந்தப் பாறைமேல் யாரோ நின்றிருக்கவேண்டும். அந்த இடத்து வர்ணம் மட்டும் சுத்தமாக உதிர்ந்துபோயிருந்தது. ஆனால் பாறைக்குக் கீழே தண்ணீரில் விழுந்திருந்த நிழல் அப்படியே இருந்தது. தலைகீழாக ஒரு ஆளின் நிழல் தொங்க, மேலே ஆளைக் காணோம்.

“இது இன்னா ஊரு பாய்?” என்று அப்பா கேட்டார்.

“ஊரு இல்லீங்க. மன்சன் மன்சுக்குள்ள கீற எடம். அத்த அப்டியே எழுதிக்கீறான்” என்றார் சாயபு.

“மன்சுக்குள்ள எதுக்கு இம்மாந் தண்ணி?” என்றார் அப்பா. சாயபு சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்காமல் அந்தத் தலைகீழ் நிழலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே பெயிண்டு மாமா வேலையைத் தொடங்கினார். பழைய படத்தின் மேல் நூல் இழுத்துக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டார். புதுக் கித்தான் துணியிலும் அதே மாதிரி கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து அதற்குரிய கட்டத்தில் எழுதிக்கொண்டே போனார். கப்பல் பெயரைப் பெரிதாக எழுதுவதற்கு அவர்கள் கையாளும் முறை அது. வானம் வந்தது, மரங்கள் வந்தன, பாறை வந்தது. ஆள் நின்ற கட்டங்கள் மட்டும் காலியாக நின்றன. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் பார்ப்பேன். வெள்ளைக் கித்தானில் பாறைமேல் ஒன்றுமில்லாத ஒரு உருவம் வெறுமையாக நிற்கும். நிழலைத் தலைகீழாகத் திருப்பினால் ஆள் கிடைத்துவிடுவார் என்று மாமா படத்தைக் கவிழ்த்தும் பார்த்தார். நிழலில் ஒரு கறுப்புத் திட்டு இருந்ததே தவிர தோள் எது, கழுத்து எது என்று தெரியவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எதையும் பார்க்காமல், ஒரே மூச்சில் அந்த ஆளை எழுதினார். காப்பி கொண்டுபோன அத்தை படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். நான் அவள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். முதுகைக் காட்டி ஒருவர் நின்றிருந்தார். இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. தலை வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கழுத்தில் முறுக்கிப் போட்ட துண்டு.

“கை தானா எழுதிட்ச்சு” என்றார் மாமா, யாரும் கேட்காமலே.

அத்தை காப்பியைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் அப்பா வந்து படத்தைப் பார்த்தார். சட்டையைக் கழற்றப் போனவர் பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். யாருடைய முதுகு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் ஒருவர் வந்து நின்றிருக்கிறார், அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

அன்றிலிருந்து பின்கட்டில் நாங்கள் யாரும் யாரையும் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தால், ஏதாவது வேண்டுமானால் சுற்றி முன்னால் போய் நின்றுதான் கேட்பேன். கூப்பிட்டால் அம்மாவோடு சேர்ந்து இன்னொருவரும் திரும்பிவிட்டால் என்ன செய்வது? பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் நெருப்புக் கங்கு வாங்கப் பின்வாசல் வழியாக வந்தவள், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “உங்க வூட்ல யாரோ வந்துகீறாங்க போலகீதே. அப்பால வரேன்” என்று போனவள் அப்புறம் பின்வாசல் பக்கமே வரவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. பாறையும் மரமும் வானமும் காய்ந்துவிட்டன. அந்த ஆள் மட்டும் காயவில்லை. நான் பயந்துகொண்டே விரலை வைத்துப் பார்ப்பேன், விரலில் கறுப்பு ஒட்டும். விளக்குக் கரியில் குழைத்த கறுப்பு, அதுவும் கடற்காற்றில், லேசில் காயாது என்று மாமா சொல்லியிருந்தார். அத்தையும் ஒரு நாள் விரலை வைத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். விரலை முகர்ந்தாள்.

“இன்னும் ஈரமாத்தான் கீறாரு அண்ணி” என்று அம்மாவிடம் வந்து சொன்னாள்.

“கறுப்பு லேட்டா காயும்னு தம்பி சொல்லிச்சே” என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போது அவள் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. மீனை அலசிக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் காலையில் படத்துக்கு முன்னால் ஒரு மணை போட்டிருந்தது. மணைக்குப் பக்கத்தில் பித்தளைத் தம்ளர் நிறையத் தண்ணீர். அத்தை யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவர் உட்கார்ந்து குடிக்கவேண்டியது பாக்கி இருந்தது, அவ்வளவுதான். சாயங்காலம் நான் வந்து பார்த்தபோது தம்ளர் காலியாக இருந்தது.

பூனை குடித்திருக்கும் என்றாள் அம்மா. அடுத்த நாள் அத்தை தம்ளரின் மேல் ஒரு தட்டை மூடி வைத்தாள். சாயங்காலம் தட்டு மூடினபடியே இருந்தது, உள்ளே தண்ணீர் இல்லை. எந்தப் பூனை தண்ணீரைக் குடித்துவிட்டுத் தட்டைத் திரும்ப மூடிவைத்துவிட்டுப் போகும்? அம்மா அதற்குமேல் பூனையைப் பற்றிப் பேசவில்லை. தினமும் அப்படியே நடந்தது. அத்தையின் முகத்தில் ஒரு மாதிரியான தெளிச்சி வந்தது. பாட்டுக்கூட முணுமுணுத்தாள். எனக்குத்தான் இரவில் தண்ணீர்த் தாகம் எடுத்தாலும் எழுந்துபோகப் பயமாக இருந்தது. குடிக்கிறவர் குடித்து முடித்ததும் என்ன செய்வார் என்று யோசிப்பேன். மறுபடி கிளம்புவாரா, இல்லை இங்கேயே இருந்துவிடுவாரா? அவர் போய்விடவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அத்தை என்ன வேண்டிக்கொண்டாள் என்று தெரியாது.

ஒரு நாள் காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா வேலைக்குப் போய்விட்டார். அம்மா கடைக்கும் அத்தை குழாயடிக்கும் போயிருந்தார்கள். நான் நடு அறையில் பாயில் படுத்துக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாகத் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. பின்வாசல் கதவு திறந்தது. போர்வையை வாயில் கடித்துக்கொண்டேன்.

உள்ளே வந்தவர் முதுகைக் காட்டிக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றார். படத்தில் ஒரு முதுகு, அதற்கு முன்னால் இன்னொரு முதுகு. இரண்டாவது முதுகின் சட்டையில் சிவப்பு வர்ணம் தெறித்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பெயிண்டு மாமா. அவர் குனிந்து தட்டை எடுத்தார். மணையில் உட்கார்ந்தார். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மருந்து குடிப்பது போல ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தட்டை மூடினார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை நாள் நான் பயந்து செத்ததெல்லாம் இதற்குத்தானா?

“மாமா” என்று கூப்பிட்டேன்.

அவர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போய்விட்டது.

“அது கப்பல் மாமாவுக்கு வச்ச தண்ணி. நீ இன்னாத்துக்குக் குடிக்கிற?”

மாமா எழுந்து வந்து என் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவர் கையில் டர்பெண்டைன் வாசனை அடித்தது.

“அவரு வந்து குடிக்கமாட்டாரு கண்ணு” என்றார். “அவரால முடியாது. யுத்தத்தப்பவே எனக்குத் தெரியும்.”

சொல்லிவிட்டு எழுந்து, சாப்பிடாமலே வேலைக்குப் போய்விட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படத்தில் இருக்கிறவரால் வர முடியாது என்பது சரி. ஆனால் படம் எழுதத் தொடங்கினதே இந்த ஆடி மாசத்தில்தான். எழுதாத படத்தைப் பற்றி யுத்தத்தின்போதே இவருக்கு எப்படித் தெரியும்?

இதற்கு விடையை அம்மா எனக்குச் சொன்னபோது எனக்கே கல்யாணமாகிக் குழந்தை பிறந்திருந்தது. யுத்தத்துக்கு நடுவிலேயே துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலாள், அத்தை புருஷனின் கப்பல் முழுகினதைக் கண்ணால் பார்த்ததாகப் பெயிண்டு மாமாவிடம் சொல்லியிருக்கிறான். ஒருவரும் மிஞ்சவில்லை. மாமா அதைத் தன் அக்காவிடம் மட்டும் சொன்னார். அம்மா அவர் வாயைப் பொத்திவிட்டாள். ஏனென்றால் அத்தையை முதலில் பெயிண்டு மாமாவுக்குத்தான் கேட்டார்கள். வர்ணம் அடிக்கிறவனுக்குப் பெண் இல்லை என்று பெரியப்பா மறுத்துவிட்டார். அதன் பிறகு மாமா கல்யாணமே செய்துகொள்ளவில்லை, ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டவர் போய், உன் புருஷன் செத்துவிட்டான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வேறு யார் சொன்னாலும் அது செய்தி. அவர் சொன்னால் ஆசை என்றுதான் ஊர் சொல்லும். அதனால் அவர் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்துவைத்தார்.

அத்தை தானாகவே முன்வந்து நின்று தையில் காரியம் நடந்ததும், சாயபு வந்து படத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனதும், போகும்போது அந்தக் கறுப்பு காய்ந்திருந்ததும் எல்லாம் அப்புறம். மழை விட்டதால் காய்ந்தது என்று மாமா சொன்னார், சரியாகத்தான் இருக்கும். மாமா கடைசி வரை அத்தையை எதுவும் கேட்கவில்லை, அத்தையும் கடைசி வரை தனியாகத்தான் இருந்தாள். எனக்கு மறக்காதது அந்தக் காய்ச்சல் நாளின் சாயங்காலம்.

சாயங்காலம் காய்ச்சல் விட்டிருந்தது. அத்தை என்னை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவள் பூ வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள், மல்லி வாசனை என் கழுத்தில் அடித்தது. நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சோடு பேச்சாக அதையும் சொன்னேன்.

“அத்த, தண்ணிய குடிக்கிறது மாமாதான். பெயிண்டு மாமா.”

சீப்பு நிற்கவில்லை. “ம்” என்றாள்.

“கப்பல் மாமா வந்து குடிக்கமாட்டாராம். அவரால முடியாதாம். யுத்தத்தப்பவே தெரியுமாம்.”

சீப்பு நின்றது. நான் திரும்பிப் பார்க்கப் போனேன், அத்தை என் தலையைப் பிடித்து நேராக வைத்தாள்.

“யுத்தத்தப்பவேன்னா சொல்லிச்சு?”

“ஆமா.”

“உன்கிட்டயா சொல்லிச்சு?”

“என்கிட்டதான்” என்றேன், பெருமையாக.

அவள் மறுபடி பின்னத் தொடங்கினாள். வலிக்கும்படி இறுக்கிப் பின்னினாள், நான் முனகினபோது கொஞ்சம் தளர்த்தினாள். ரிப்பனைக் கட்டி முடித்தாள். பிறகு தன் தலையிலிருந்த பூவை எடுத்து, முழுச் சரத்தையும், என் சடையில் வைத்துவிட்டாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தினமும் கிள்ளு அளவுதான் கிடைக்கும். வாசலுக்கு ஓடி, சந்தில் இருந்த அத்தனை பேரிடமும் முதுகைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அத்தை பூவா, அத்தனையும் உனக்கே கொடுத்துவிட்டாளா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் என் பூவைப் பார்க்காமல் எங்கள் வாசலைப் பார்த்தாள்.

நான் திரும்பி ஓடிவந்தபோது பெயிண்டு மாமா படத்துக்குத் துணியைப் போர்த்திவிட்டுத் தன் அறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் பின்வாசலைத் தாண்டிச் சந்தில் இறங்கி நாலடி போனபிறகு, அத்தை வாசலில் வந்து நின்றாள்.

“தோ, கொஞ்சம் நில்லுங்க” என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

மாமா நின்றார். மெதுவாகத் திரும்பி உள்ளே வந்தார். மணையில் உட்கார்ந்தார். அத்தை பித்தளைத் தம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அவள் கண்ணெதிரிலேயே குடித்தார். பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி குடித்தார்.

தம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் மாமா நிமிர்ந்து அத்தையின் தலையைப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார். பூவைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, நான் சடையை முன்னால் இழுத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.